சித்திரக் கருவூலம்

சித்திரக்கதையை விரும்பாத சிறுவர் அரியர். கட்டங்களுக்குள் மாந்தர் ஓடுவதும் குதிப்பதும், தலைக்கு மேலே எழும் குமிழிக்குள் அவர்கள் பேசுவதும் நம் கண்ணைக் கவர்ந்து, அடுத்த பக்கத்துக்கு நம்மை இழுத்துச் செல்கின்றன. படித்து முடித்ததும் இதழை மூலையில் வைத்துவிடுகிறோம். மறுவாரம் புதிய இதழ் வந்துவிடுகிறது. அந்த இதழ் அச்சாவதற்கு முன்னர், ஓர் ஓவியர் தனித்து அமர்ந்து, பேனாவை மையில் தோய்த்து, தடித்த வெள்ளைத் தாளில் அதனைக் கோடு கோடாக வரைந்திருப்பார். இலட்சக்கணக்கான படிகளுக்குத் தாயாக விளங்கிய அத்தாள் பின்னர் எங்கே போயிற்று என்று நம்மில் எவரேனும் எண்ணியதுண்டோ?

அச்சிட்ட படிகள் பல, மூலத்தாள் ஒன்றே. படி கிழிந்தால் மற்றொன்றை வாங்கலாம். மூலத்தாள் அழிந்தால் அதனை ஈடுசெய்வார் இல்லை. இவ்வுண்மை இன்று எளிதாகத் தோன்றுகிறது. ஆயினும் நெடுங்காலம் அதனைப் பொருட்படுத்தினோர் மிகச் சிலரே. செப்புத் திருமேனி வார்க்கும் சிற்பிகள், உலோகம் ஆறியபின் மேலிருக்கும் மண் அச்சை உடைத்துவிடுவர். அச்சின் வேலை அத்துடன் முடிந்தது. சித்திரக்கதையின் மூலத்தாளையும் பதிப்பகத்தார் இவ்வாறே கருதினர். அச்சுத் தகடு ஆயத்தமானதும் தாளின் பயன் தீர்ந்தது என்பது அவர்தம் எண்ணம். ஆதலின் சில தாள்கள் கிடங்குகளில் கட்டுக்கட்டாகக் கிடந்தன. சில குப்பைக்குச் சென்றன. சிலவற்றை இதழாசிரியர்கள் வாசகர்களுக்குப் பரிசாக அனுப்பியும் விட்டனர்.

சிறுவரேயன்றிப் பெரியவரும் சித்திரக்கதைகளை ஆர்வத்துடன் படிக்கும் நாடு ஜப்பான். அங்கே அதற்கு ‘மங்கா’ என்று பெயர். அந்நாட்டின் தலைசிறந்த மங்கா ஓவியராகப் போற்றப்படும் தெசுகா ஒசாமு, 1947-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘புதிய புதையல் தீவு’ என்னும் நூலால் இளமையிலேயே பெரும்புகழ் பெற்றார். அந்நூலின் மூலத்தாள்கள் எஞ்சவில்லை. பல்லாண்டுகள் கழித்து, தம் படைப்புகள் அனைத்தும் ஒரு வரிசையாக வெளிவந்தபோது, தெசுகா அக்கதையை முதலிலிருந்து இறுதிவரை புதிதாக வரைந்தே அதில் சேர்க்க நேர்ந்தது. வரைந்தவர் அவரே, கதையும் அதுவே. ஆயினும் பதினெட்டு வயதில் ஓடிய கையும் ஐம்பதைக் கடந்தபின் ஓடிய கையும் ஒன்றாகுமோ?

மூலத்தாளைக் கையில் எடுத்து நோக்குவோர், அச்சுப்படியில் காணாத பலவற்றை அதில் காண்பர். தாள் பெரும்பாலும் இதழின் பக்கத்தைவிடப் பெரிதாக இருக்கும்; அச்சில் மயிரிழையாகச் சுருங்கிய கோடு, அதில் தொடக்கமும் வேகமும் முடிவும் தெரிய நீண்டு கிடக்கும். வெளிர்நீலப் பென்சிலால் எழுதிய குறிப்புகள் ஓரத்தில் இருக்கும். கறுப்பு மைக்குரிய தகட்டை ஆக்கும் நிழற்படக் கருவி அந்நீலத்தைக் காணாது; ஆகவே ஓவியரும் இதழாசிரியரும் அச்சகத்தாரும் தாளின்மீதே அஞ்சாமல் பேசிக்கொண்டனர். ஓரிடத்தில் ஒரு முகத்தின்மீது வெள்ளை பூசி, அதன்மேல் வேறொரு முகத்தை வரைந்திருப்பார். தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அடியிலிருக்கும் முதல் முகம் மங்கலாகத் தோன்றும். ஓவியர் ஐயுற்ற இடம் இது, துணிந்த இடம் இது என நாம் அறிந்துகொள்ளலாம். ஓவியம் பயில விரும்பும் ஒருவனுக்கு இதனினும் நல்ல ஆசான் கிடைப்பது அரிது.

இத்தகைய தாளைக் காப்பது எளிய செயலன்று. அதன் பகைவருள் சிலர் அதற்குள்ளேயே குடியிருக்கின்றனர். மரக்கூழிலிருந்து செய்த மலிவுத் தாளில் அமிலம் உண்டாகும். ஆண்டுகள் செல்லச் செல்லத் தாள் பழுப்பேறி, மடித்த இடத்தில் முறியும். மங்கா ஓவியர் நிழலைக் காட்டுவதற்குப் புள்ளிகள் அச்சிட்ட மெல்லிய ஒளிபுகும் படலத்தைக் கத்தியால் வெட்டி ஒட்டுவர். நாளடைவில் அப்படலம் சுருங்கி விளிம்பில் எழும்பும். அதன் பசை வெளியே கசிந்து மேலிருக்கும் அடுத்த தாளைப் பற்றிக்கொள்ளும். இரண்டையும் பிரித்தால் இரண்டும் கெடும். உரையாடல்களைத் தனியே எழுத்துக்கோத்துத் துண்டு துண்டாக வெட்டிக் குமிழிகளுக்குள் ஒட்டுவதும் வழக்கம். பசை உலர்ந்ததும் துண்டு உதிர்ந்துவிடும். பழுப்பு நிறக் கறை மட்டுமே எஞ்சும். எழுத்து உதிர்ந்த குமிழியோடு வாய்திறந்து நிற்கும் வீரனைக் காணின் சிரிப்பும் வருகிறது, இரக்கமும் தோன்றுகிறது. ஒட்டுநாடாவால் கிழிசலைச் சேர்த்தல், துருப்பிடிக்கும் கவ்வியால் தாள்களைப் பிணைத்தல் ஆகியனவும் இவ்வகைக் கேட்டையே தரும். காக்கும் எண்ணத்தோடு செய்த செயலே காலப்போக்கில் கறையாகி நிற்கும்.

மைகளிலும் வேறுபாடு உண்டு. புகைக்கரியால் ஆகிய கறுப்பு மை எளிதில் மங்குவதில்லை. பல நூற்றாண்டுப் பழமையுடைய சீன, ஜப்பானிய எழுத்துகள் அதற்குச் சான்று. அட்டைப்படங்களுக்கு வண்ணமூட்டப் பயன்பட்ட சாய மைகளின் நிலை வேறு. அவை ஒளி பட்டால் வெளிறும். வெளிறிய நிறத்தை மீட்க வழியில்லை. இருளில் வைத்து ஓய்வு கொடுத்தால் திரும்பிவிடும் என்று எண்ணுவது வீண்.

வெளியிலிருந்து வரும் பகைகளை நாம் அனைவரும் அறிவோம். மழைக்காலத்து ஈரம் பூஞ்சணத்தை வளர்க்கும், பூச்சி அரிக்கும், நீரும் நெருப்பும் ஒரே நாளில் அனைத்தையும் கொண்டுபோகும். ஆதலின் தாள்களைக் காக்கும் நிலையங்களில் வெப்பம் ஏறத்தாழ 20 பாகையிலும், காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 50 விழுக்காட்டிலும் நிற்குமாறு பார்த்துக்கொள்வர். அளவு சற்றே கூடினும் குறையினும் பெருங்கேடில்லை. இன்று ஏறி நாளை இறங்கி அலைவதே தீது. தாள் ஈரத்தை உண்டு விரியும், உலர்ந்து சுருங்கும். அவ்வாறு ஓயாமல் அசையும் தாளின்மீது ஒட்டிய மையும் பசையும் எத்தனை நாள் பொறுக்கும்?

ஜப்பானின் வடபகுதியில் அக்கிதா என்னும் மாநிலம் உள்ளது. அதில் மசுதா என்பது ஒரு சிற்றூர். 2005-ஆம் ஆண்டு முதல் யோக்கொத்தே நகரத்தின் பகுதியாக உள்ளது. மாரிக்காலத்தில் அங்கே பனி ஆள் உயரத்துக்கு மேல் குவியும். பொருளீட்டிய வணிகர் பலர் முற்காலத்தில் அவ்வூரில் வாழ்ந்தனர். ஜப்பானியர் தம் அரும்பொருள்களைத் தீயினின்று காப்பதற்குத் தடித்த மண்சுவர்க் களஞ்சியங்களைக் கட்டுவர். அதற்குக் ‘குரா’ என்று பெயர். பிற ஊர்களில் குரா வீட்டுக்கு அருகே தனியே நிற்கும். மசுதா வணிகரோ பனிக்கு அஞ்சி, அதனை வீட்டின் கூரைக்குள்ளேயே கட்டினர். வீட்டுக்குள் ஒரு வீடு. அதன் சுவரில் மெருகேற்றிய கருஞ்சாந்து. தெருவில் செல்வோர்க்கு உள்ளே அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இவ்வீடுகள் நிறைந்த தெருக்களை 2013-ஆம் ஆண்டில் ஜப்பானிய அரசு காக்கத்தக்க மரபுப் பகுதியாக அறிவித்தது.

களஞ்சியம் கட்டி வாழ்ந்த இவ்வூரில்தான் 1995-ஆம் ஆண்டில் மங்கா மூலத்தாள்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் தோன்றியது. இவ்வட்டாரத்து மலைச்சிற்றூர் ஒன்றில் 1939-ஆம் ஆண்டில் பிறந்தவர் யாகுச்சி தக்காவோ. வங்கியில் பன்னிரண்டு ஆண்டுகள் கணக்கெழுதிய பின்னர், முப்பதாம் வயதில் அவ்வேலையை விட்டு ஓவியத் தொழிலில் இறங்கினார். துணிச்சலான செயலே. மீன்பிடிப்பதில் பேரார்வங்கொண்ட சான்பெய் என்னும் சிறுவனைப் பற்றி அவர் 1973-ஆம் ஆண்டில் தொடங்கிய கதை நாடெங்கும் புகழ்பெற்றது. ஆற்றின் நீரோட்டத்தையும் மலைக்காட்டையும் அவர் வரைந்த திறத்தை இன்றும் வியந்து பேசுவர். முதுமையில் அவர் தம் வாழ்நாளில் வரைந்த ஏறத்தாழ 42,000 மூலத்தாள்களையும் இக்காட்சியகத்துக்கு அளித்துவிட்டார். அவற்றைப் பின்பற்றிப் பிற ஓவியரின் தாள்களும் வந்து சேர்ந்தன. புதுப்பித்த கட்டடம் 2019-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அங்குள்ள தாள்கள் இன்று நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டவை.

அங்கே நடைபெறும் பணியைச் சொல்லில் கூறுவது எளிது. பெட்டியில் வந்த தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து, எக்கதையில் எப்பக்கம் என்று கண்டு குறிக்கின்றனர். தூசியை நீக்கி, ஒளிவருடியில் வைத்து நுண்ணிய படியெடுத்துக் கணிப்பொறியில் சேர்க்கின்றனர். பின்னர்த் தாளுக்கும் தாளுக்கும் இடையே அமிலமில்லாத மெல்லிய தாளை இட்டு, அமிலமில்லாத அட்டையாலான பெட்டியில் கிடத்தி மூடுகின்றனர். இவ்வளவே. ஆனால் கணக்கைப் பாருங்கள்: ஒருவர் நாளொன்றுக்கு 100 தாள் முடிப்பதாகக் கொண்டாலும், யாகுச்சியின் தாள்களுக்கு மட்டும் 420 நாள் வேண்டும். நான்கு இலட்சத்துக்கோ, ஒருநாளும் விடுமுறையின்றி உழைப்பினும் ஏறத்தாழ பதினோர் ஆண்டு ஆகும். களஞ்சியத்தைக் கண்ணாடிச் சுவரின் வழியே காண்போர் பார்க்கலாம். அதற்கும் குரா என்றே பெயரிட்டிருக்கிறார்கள். ஊரின் பழைய பழக்கம் புதிய கட்டடத்துக்குள்ளும் புகுந்துவிட்டது.

காப்பவர்க்குத் தீராத ஓர் இடர் உண்டு. பெட்டியில் மூடிவைத்த ஓவியத்தை எவரும் காணார்; எடுத்து மாட்டினால் ஒளி அதனைத் தின்னும். அருங்காட்சியகங்கள் தாள் ஓவியங்களுக்கு 50 லக்ஸ் அளவான மங்கிய ஒளியே இடுவர். சில திங்களுக்குப் பின் இறக்கி மீண்டும் இருளில் வைப்பர். வண்ணத் தாள்களுக்கு அதுவும் மிகையே. இதனைக் கருதிய தக்கெமியா கெய்க்கோ என்னும் மங்கா ஓவியர், 2001-ஆம் ஆண்டில் கியோத்தோ செய்க்கா பல்கலைக்கழகத்தில் ஒரு முயற்சியைத் தொடங்கினார். மூலத்தாளைக் கணிப்பொறியில் படியெடுத்து, அச்சிட்டு, மூலத்தோடு ஒப்பிட்டு, நிறத்தைத் திருத்தி மறுபடி அச்சிடுவர். வெள்ளைப்பூச்சு, பென்சில் தடம், ஓரத்துக் கறை யாவும் அவ்வாறே தோன்றும்வரை விடுவதில்லை. அப்படியே ஊர் ஊராகக் காட்சிக்குச் செல்லும். மூலம் இருளில் உறங்கும். மூலத்தை நேரிற் கண்ட நிறைவு அதில் வருமோ என்று கேட்பவர் உண்டு. வராது என்பதே என் கருத்து. எனினும் நிறமிழந்த மூலத்தைக் காண்பதினும் அது நன்று.

இனி, தாள் யாருடைய கையில் இருக்கிறது என்பதையும் நோக்கவேண்டும். ஜப்பானில் ஒரு பதிப்பகம் நொடித்துப்போனபின், ஓவியர்கள் அதனிடம் ஒப்படைத்திருந்த தாள்கள் பழம்புத்தகக் கடையில் விலைக்கு நிற்பது 2003-ஆம் ஆண்டில் தெரியவந்தது. வரைந்தவர்க்கே தம் தாளைக் கடையில் காணும் நிலை! 2018-ஆம் ஆண்டு மே திங்களில் பாரிஸ் நகரத்து ஏலத்தில், தெசுகாவின் ‘அணுச்சிறுவன்’ கதையைச் சேர்ந்த ஒரே ஒரு தாள் இரண்டரை இலட்சம் யூரோவுக்கு மேல் விலைபோயிற்று. ஒருகாலத்தில் குப்பைக்குச் சென்ற பொருளுக்கு இத்துணை விலை வந்தது மகிழ்ச்சிக்குரியதே எனலாம். ஓவியரின் குடும்பத்தாருக்கோ அது கவலையையும் உடன்கொண்டு வந்தது. தந்தை விட்டுச்சென்ற பல்லாயிரம் தாள்களை வைக்கச் சிறிய வீட்டில் இடமில்லை. விலைமதிப்பு உயர்ந்தால் வாரிசுச் சொத்துக்கு வரி கேட்பரோ என்னும் அச்சம் வேறு. விற்றால் தொகுதி சிதறும். ஒரு கதையின் பக்கங்கள் நூறு நாட்டில் நூறு வீடுகளுக்குப் பிரியும். 2020-ஆம் ஆண்டில் மசுதா காட்சியகத்திலேயே மூலத்தாள் காப்பு மையம் ஒன்று அமைந்தது இக்கவலையைக் கருதியே. தாள்களை என்ன செய்வதென்று அறியாத ஓவியரும் அவர் குடும்பத்தாரும் அங்கே வழிகேட்கலாம்.

அனைத்தையும் மசுதா ஒன்றே ஏற்க இயலுமா? வார இதழில் எழுதும் ஓவியர் ஒருவர் வாரத்துக்கு ஏறத்தாழ 20 பக்கம் வரைவார். பத்தாண்டில் பதினாயிரம் தாள் சேரும். இத்தகையோர் எத்தனையோ பேர். இன்று இளைய ஓவியர் பலர் கணிப்பொறித் திரையிலேயே வரைவதால், கையால் வரைந்த தாள்களின் தொகை இனி மிகுதியாகப் பெருகாது. ஆனால் 1960-களிலும் 1970-களிலும் வரைந்தவர்கள் இப்போது முதியவர்கள். அவர்களுடைய தாள்கள் அலமாரிகளிலும் கட்டில்களுக்கு அடியிலும் இருக்கின்றன. யாகுச்சி 2020-ஆம் ஆண்டு நவம்பரில், தம் 81-ஆம் வயதில் காலமானார். அவர் தாள்களுக்கு முன்னரே இடம் கிடைத்துவிட்டது. சான்பெய் தூண்டிலுடன் நிற்கும் பக்கங்கள், எண்ணிட்ட பெட்டிகளில் வரிசை மாறாமல், பனி பெய்யும் அவ்வூரில் இருக்கின்றன.