சேர்ந்து உட்கார்ந்தால் மட்டும் போதுமா? ஆட்டிசம் உள்ள பிள்ளைகளும் நம் மழலையர் வகுப்புகளும்



கல்வி உதவி கேட்டு நம் அலுவலகத்துக்கு வரும் பெற்றோரில் சிலர் பணத்துக்காக வருவதில்லை. "பையனுக்கு மூன்றரை வயசாச்சு, இன்னும் பேச்சு வரல. எந்த நர்சரியிலும் சேர்த்துக்க மாட்டேங்கறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா சேர்த்துப்பாங்களா?" என்று கேட்கிறார்கள். ஒரு வார்த்தை சொல்லிச் சேர்த்துவிடலாம். சேர்த்த பிறகு அந்த வகுப்பில் என்ன நடக்க வேண்டும் என்பதுதான் இந்த மாதப் பாடம்.

ஆட்டிசம் என்றால் என்ன?

இது நோயல்ல, தொற்றுவதுமில்லை. மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமை, பேச்சுத் தாமதம், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், சத்தம் தாங்காமை, வழக்கம் மாறினால் கலங்கிப்போதல் ஆகியவை பொதுவான அடையாளங்கள். ஒரு பிள்ளையைப் போல் இன்னொரு பிள்ளை இருக்காது. 2021-ல் உலகில் சுமார் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்தது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. எனவே எந்த மஹல்லாவும் இதற்கு விலக்கல்ல.

1943-ல் லியோ கானர் என்ற மருத்துவர் இதை விவரித்து எழுதினார். அதன்பின் சில காலம், தாய் பாசம் காட்டாததே காரணம் என்று மருத்துவர்களே சொல்லிவந்தார்கள். அது தவறென்று கைவிடப்பட்டுப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. தடுப்பூசியோடு தொடர்புபடுத்தி 1998-ல் வெளியான கட்டுரையை, வெளியிட்ட 'லான்செட்' இதழே 2010-ல் திரும்பப் பெற்றது. ஆகவே தாயையோ தடுப்பூசியையோ குறை சொல்ல இடமில்லை. பிள்ளைக்காக துஆ செய்வதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் கண்ணேறு என்று ஓதிப்பார்ப்பதிலேயே இரண்டு வருடம் கழிந்தால், அந்த இழப்பு பிள்ளைக்குத்தான்.

மூன்று முதல் ஆறு வரை

மொழியும் பழகும் திறனும் வேகமாக வளரும் வயது இது. ஆனால் சட்டத்தின் பிடி தளர்வாக இருப்பதும் இந்த வயதில்தான். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தரும் இலவசக் கல்வி உரிமை 6 வயதில் தொடங்கி 14-ல் முடிகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தை 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாக ஏற்றுள்ளது. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் இப்பிள்ளைகளைப் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும் என்கிறது. ஆனால் அதிலும் இலவசக் கல்வி 6 முதல் 18 வயது வரைதான்.

ஆறு வயதுக்கு முன் அரசின் பக்கம் இருப்பது பெரும்பாலும் அங்கன்வாடி. 2023 நவம்பரில் மத்திய அரசு, மாற்றுத்திறன் குழந்தைகளை அங்கன்வாடியிலேயே அடையாளம் கண்டு, மற்றப் பிள்ளைகளோடு சேர்த்து வளர்ப்பதற்கான நெறிமுறையை வெளியிட்டது. மற்றபடி இந்த மூன்று வருடம் தனியார் நர்சரிகளின் மனநிலையைப் பொறுத்தது. ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் நடத்தும் நர்சரிகளுக்கும் அதில் பங்குண்டு.

ஆய்வு சொல்லும் பாடம்

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 1980-களின் தொடக்கத்தில் ஃபிலிப் ஸ்ட்ரெயின் என்ற ஆய்வாளர் 'லீப்' என்ற மழலையர் வகுப்பு முறையைத் தொடங்கினார். ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளும், வழக்கமான வளர்ச்சியுள்ள பிள்ளைகள் பலரும் ஒரே அறையில் படித்தார்கள். விளையாட்டுப் பொருளை எப்படி நீட்டுவது, எப்படிக் கேட்பது, பதிலுக்கு எப்படிக் காத்திருப்பது என்று மற்றப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள்.

2011-ல் இந்த முறையைப் பற்றிய ஒரு பெரிய ஆய்வு வெளியானது. அதில் 56 வகுப்புகள் இருந்தன. எல்லாமே இருவகைப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் வகுப்புகள். 28 வகுப்புகளின் ஆசிரியர்களுக்கு இரண்டு வருடம் உடனிருந்து பயிற்சி தரப்பட்டது. மற்ற 28 வகுப்புகளுக்குக் கையேடு மட்டும் கிடைத்தது. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது, பயிற்சி பெற்ற வகுப்புகளின் பிள்ளைகள் மொழியிலும் அறிவு வளர்ச்சியிலும் பழகும் விதத்திலும் தெளிவாக முன்னேறியிருந்தார்கள்.

இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. இரண்டு பக்கமும் பிள்ளைகள் சேர்ந்துதான் உட்கார்ந்திருந்தார்கள். வித்தியாசத்தை உண்டாக்கியது டீச்சருக்குக் கிடைத்த பயிற்சி. பயிற்சி இல்லாத டீச்சரிடம் ஒரு பிள்ளையை ஒப்படைத்து, "சேர்த்துக்கொண்டோம்" என்று நோட்டீஸ் போடுவது அந்தப் பிள்ளைக்கும் டீச்சருக்கும் செய்யும் அநியாயம்.

வகுப்பில் செய்யக்கூடியவை

1. அன்றைய வேலைகளைப் படங்களாக வரிசைப்படுத்திச் சுவரில் மாட்டுங்கள். அடுத்து என்ன என்று தெரிந்தால் கலக்கம் குறையும்.
2. சத்தம் தாங்காத பிள்ளை ஒதுங்கி அமர ஒரு மூலையில் பாய் விரித்து வையுங்கள். அது தண்டனைக்கான இடமாகிவிடக் கூடாது.
3. சுருக்கமாகச் சொல்லுங்கள், பதிலுக்குக் காத்திருங்கள். பேச்சு வராத பிள்ளை படத்தைக் காட்டிக் கேட்டாலும் அது கேட்டதுதான்.
4. தினமும் ஒரு விளையாட்டில் ஒரு தோழனை ஜோடி சேர்த்து, எப்படி விளையாடுவது என்று அவனுக்கும் காட்டுங்கள்.
5. அடிக்காதீர்கள். காதைப் பொத்திக்கொள்வதும் கையை உதறுவதும் சேட்டையல்ல.

"இதனால் எங்கள் பிள்ளையின் படிப்பு கெடாதா?" என்று மற்றப் பெற்றோர் கேட்பது நியாயமே. மேலே சொன்ன படங்களும் சுருக்கமான பேச்சும் நிதானமும் எந்த மூன்று வயதுப் பிள்ளைக்கும் உதவும். தன்னைப் போலில்லாத ஒருவனோடு விளையாடப் பழகுவதும் படிப்புதான்.

எங்கே போவது?

சந்தேகம் வந்தவுடன் கோவை அரசு மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவில் காட்டுங்கள். அங்கன்வாடிக்கு வரும் பள்ளிச் சிறார் நலத் திட்ட மருத்துவக் குழுவிடமும் கேட்கலாம். உங்கள் வட்டார வள மையத்தில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். சான்று பெற்ற பின் யு.டி.ஐ.டி. அட்டைக்கும், தேசிய அறக்கட்டளையின் 1 லட்சம் ரூபாய் வரையிலான 'நிராமயா' மருத்துவக் காப்பீட்டுக்கும் விண்ணப்பியுங்கள். சிறப்பாசிரியர் படிப்புக்கு நாம் சென்னை போக வேண்டியதில்லை. பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா நிறுவனத்திலும் அவினாசிலிங்கம் பல்கலைக்கழகத்திலும் அந்தத் துறை இருக்கிறது. நம் பெண் பிள்ளைகளில் ஒருவரை அங்கே படிக்கவைக்கும் செலவு, கட்டடத்துக்கு இன்னொரு மாடி எழுப்பும் செலவைவிடக் குறைவு.

கண்பார்வையில்லாத ஸஹாபி அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் மதீனாவில் ஓர் ஓரத்தில் உட்காரவைக்கப்படவில்லை. பாங்கு சொல்லும் பொறுப்பு அவர்களிடம் தரப்பட்டது. நம் நர்சரிகளும் மக்தப்களும் இப்பிள்ளைகளுக்கு இடத்தோடு சேர்த்து ஒரு பங்கையும் தர வேண்டும்.

வரும் கல்வியாண்டுக்கு முன் ஒவ்வொரு நிர்வாகக் குழுவும் இரண்டு கேள்விகளைப் பேசி முடிவெடுக்கட்டும். நம் டீச்சர்களில் யாரைப் பயிற்சிக்கு அனுப்புகிறோம்? அவர் திரும்பி வரும்போது வகுப்பில் எத்தனை பிள்ளைகள் இருப்பார்கள்?

அல்லாஹ் நம் முயற்சிகளை ஏற்றுக்கொள்வானாக. வஸ்ஸலாம்.

செயலாளர்