சிவப்பை எடுத்துவிட்டுப் பச்சை போடாதீர்கள்

காரில் புது செட் மாட்டியவர்கள் ஓயாமல் கேட்கும் கேள்வி இது: “சத்தம் ஏத்தினா ஃபியூஸ் போயிடுது சார். கடையில சிவப்பை எடுத்துட்டுப் பச்சை போடச் சொல்றாங்க. போடலாமா?” சிவப்பு என்றால் 10 ஆம்பியர், பச்சை என்றால் 30.

கூடாது. ஒரே சொல்லில் முடிய வேண்டிய பதில். ஆனால் பச்சை போட்டவர்கள் எல்லாம் “நான் போட்டேன், அப்புறம் போகவே இல்லையே” என்று சாட்சி சொல்லக் கிளம்பிவிடுவதால், கொஞ்சம் விரிவாகவே திட்ட வேண்டியிருக்கிறது.

நம்பிக்கை: ஃபியூஸ் அடிக்கடி போனால் பெரிய ஃபியூஸ் போட்டால் சரியாகிவிடும்.

ஃபியூஸ் முதலில் காப்பாற்றுவது உங்கள் செட்டை அல்ல. அதற்குப் போகும் ஒயரை. ஒயர் எவ்வளவு தாங்குமோ அதற்கு ஏற்றபடிதான் ஃபியூஸ். ஒயரை மாற்றாமல் ஃபியூஸை மட்டும் பெரிதாக்கினால், அடுத்த முறை உருகப்போவது ஒயர்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 0.75 சதுர மி.மீ. செம்பு ஒயரின் மின்தடை மீட்டருக்கு ஏறக்குறைய 0.023 ஓம். 10 ஆம்பியர் ஓடினால் மீட்டருக்கு 2.3 வாட் வெப்பம், ஒயர் தாங்கிக்கொள்ளும். 30 ஓடினால் 21 வாட். மின்னோட்டம் மூன்று மடங்குதான் ஏறியது, வெப்பம் ஒன்பது மடங்கு. ரேடியோ ரிப்பேர் செய்பவர் கையில் இருக்கும் சால்டரிங் அயர்னே 25 வாட்தான். அந்த அளவு வெப்பம் டேஷ்போர்டுக்குப் பின்னால், மற்ற ஒயர்களோடு கட்டுக்கட்டாகக் கிடக்கும் இடத்தில், மீட்டருக்கு மீட்டர் கிளம்பும்.

இன்னொன்று: பச்சை ஃபியூஸ் 30 ஆம்பியரில் டக்கென்று போய்விடும் என்று நினைக்காதீர்கள். காருக்கான ஃபியூஸ் தன் அளவைவிட 10 விழுக்காடு கூடுதலை மணிக்கணக்கில் தாங்க வேண்டும். 35 விழுக்காடு கூடினால்கூட, அதாவது 40 ஆம்பியரில், அறுந்துபோகப் பத்து நிமிடம் வரை எடுத்துக்கொள்ளலாம் என்பது தரநிலை. மீட்டருக்கு 37 வாட் வெப்பத்தில் பத்து நிமிடம்! ஒயரின் பிளாஸ்டிக் உறை அவ்வளவு நேரம் காத்திருக்காது.

வீட்டில் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி, இரண்டு இழை கூடுதலாகச் சுற்றிப் பழகிய கை இது. அதே கைதான் காரில் ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பியை முறுக்கிச் சொருகுகிறது. வீட்டிலும் தப்பு, காரிலும் தப்பு.

சரி, ஃபியூஸ் ஏன் போகிறது? பெரும்பாலும் செட்டுக்கு வரும் மஞ்சள் ஒயரிலிருந்தே ஆம்ப்ளிஃபயருக்கும் கரண்ட் இழுத்திருப்பார்கள். இல்லையென்றால் எங்கோ ஒயர் நசுங்கி பாடியில் ஷார்ட் ஆகிறது. முன்னதற்கு மருந்து, ஆம்ப்புக்கு பேட்டரியிலிருந்தே தடித்த தனி ஒயர். அதன் ஃபியூஸ் பேட்டரி முனையிலிருந்து 45 செ.மீ.க்குள். டிக்கியில் ஆம்ப் பக்கத்தில் மட்டும் ஃபியூஸ் வைத்தால், எஞ்சின் அறையிலிருந்து தகட்டு ஓட்டை வழியாக உரசி வரும் ஒயர் முழுவதும் காவலின்றிக் கிடக்கும். பின்னதற்கு மருந்து, ஷார்ட்டைத் தேடுவது. சோம்பேறித்தனத்துக்குப் பச்சை ஃபியூஸ் மருந்தல்ல.

நம்பிக்கை: 12 வோல்ட்தானே, என்ன ஆகிவிடும்? ஷாக் அடிக்காது, உண்மை. ஆனால் ஷார்ட் ஆனால் கார் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியர் தள்ளும். தீ வைக்க அது போதும்.

நம்பிக்கை: ஒரு ஃபாரட் கெபாசிட்டர் போட்டால் பேஸ் அடிக்கும்போது ஹெட்லைட் மங்காது. 14 வோல்ட்டிலிருந்து 12-க்கு இறங்கும்போது அது தருவது 26 ஜூல். 500 வாட் இழுக்கும் ஆம்ப் அதை ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்கில் குடித்துவிடும். அந்தக் காசுக்கு தடித்த ஒயர் வாங்குங்கள். பெயிண்ட்டைச் சுரண்டி எர்த்தை ஒழுங்காக முடுக்குங்கள்.

நம்பிக்கை: மூன்று நாள் நிறுத்தினால் ஸ்டார்ட் ஆகவில்லையா, பேட்டரி பழசு. முதலில் செட்டின் சிவப்பு ஒயர் எங்கே மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். சாவியை எடுத்தால் அணைய வேண்டிய அதை, எப்போதும் உயிரோடிருக்கும் மஞ்சளோடு சேர்த்து முறுக்கியிருந்தால் செட் உறங்கவே உறங்காது. அரை ஆம்பியர் இழுத்தாலும் நாளுக்கு 12 ஆம்பியர்-மணி. 35 ஆம்பியர்-மணி பேட்டரி எத்தனை நாள் தாங்கும்?

நம்பிக்கை: கப்ளர் போட்டாச்சு, ஒயரை வெட்டலை, கவலையில்லை. பாதி உண்மை. கப்ளர் இணைப்பைச் சுத்தமாக்கும். பின்னாலிருக்கும் ஒயரைத் தடிமனாக்காது.

‘முறுக்கி’ என்று மேலே எழுதும்போதே எரிச்சல் வந்துவிட்டது. ஒயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றும் வேலையை ஒழிக்காமல் எந்த ஃபியூஸைப் பற்றிப் பேசியும் பயனில்லை. சித்திரை வெயிலில் மூடிக்கிடக்கும் காருக்குள் டேப்பின் பசை இளகி உரிந்துவிடும். சரியான லக் வைத்து, அதற்குரிய கருவியால் கிரிம்ப் செய்து, மேலே ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுவதுதான் வேலை. அந்தக் கருவி இல்லாத கடையில், திரை எத்தனை அங்குலம் என்று விசாரிக்கும் முன்பே வண்டியைத் திருப்புங்கள். கருவி இருந்தால், ஒயர் எத்தனை சதுர மி.மீ., ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் பேரம் பேசாதீர்கள்.