போர் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

ஒரத்தநாடு வட்டாரத்தில் போர் போடும்போது முதலில் செம்மண், அடுத்துச் செம்புறாங்கல், பிறகு மணல், களி, மீண்டும் மணல் என்று மாறி மாறி வெளிவருவதை விவசாயிகள் பார்த்திருப்பார்கள். கும்பகோணம் பக்கம் போனால் மேலேயே கனத்த வண்டல் களி. ஒரே மாவட்டத்தில் ஏன் இந்த வேறுபாடு? இதற்கான காரணம் பூமியின் மேலோடு நகர்வதில் தொடங்குகிறது. அதைத் தெரிந்துகொண்டால், போர் தண்ணீரை எப்படிச் செலவிட வேண்டும் என்பதும் விளங்கும்.

நகரும் பாளங்கள்

அறுவடைக்குப்பின் காய்ந்த களி வயல் பாளம் பாளமாக வெடிக்கிறது. பூமியின் மேலோடும் அதுபோலப் பல பெரும் பாளங்களாகப் பிரிந்துள்ளது. அவற்றின் அடியில் உள்ள பாறை கடும் சூட்டினால் மிக மெதுவாக நெகிழ்ந்து கொடுக்கிறது. அதனால் மேலே உள்ள பாளங்கள் நகர்கின்றன. நம் நாட்டைத் தாங்கும் பாளம் இன்றும் ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. வடகிழக்காக நகர்கிறது. ஏறத்தாழ நகம் வளரும் வேகம்தான்.

சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவும் அண்டார்டிகாவும் ஒட்டியிருந்தன. அவை பிரிந்தபோது நமது கிழக்கு ஓரம் இழுபட்டு, உடைந்து, படிப்படியாகத் தாழ்ந்தது. பள்ளத்தில் கடல் புகுந்தது. ஆறுகள் மண்ணைக் கொண்டுவந்து நிரப்பின. இதுவே காவிரிப் படுகை. ஆழமான இடங்களில் இப்படிவுகளின் கனம் 5 கிலோமீட்டருக்கும் மேல். அரியலூர்ப் பகுதியில் கடல் உயிரினங்களின் கல்லான உடல்கள் கிடைப்பதும், நரிமணத்தில் எண்ணெய் கிடைப்பதும் இதனால்தான். இதே இந்தியப் பாளம் வடக்கே நகர்ந்து, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவுடன் மோதத் தொடங்கியதில் இமயமலை எழுந்தது.

நமது மேட்டு நிலம்

படுகையின் மேற்பகுதியில், சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன்வரை படிந்த அடுக்குகளைக் கடலூர் மணற்கல் என்கிறோம். வல்லம், ஒரத்தநாடு, கந்தர்வகோட்டைப் பகுதிகளில் இது மேலாக இருக்கிறது. மழையும் வெயிலும் இதன் மேற்பகுதியைச் செம்புறாங்கல்லாகவும் செம்மண்ணாகவும் மாற்றின. காவிரியின் வண்டல் பழைய டெல்டாவில் படிந்தது, இம்மேட்டில் படியவில்லை. 1934-இல் மேட்டூர் அணை முடிந்த காலத்தில் வெட்டப்பட்ட கல்லணைக் கால்வாய், அதாவது புது ஆறுதான், காவிரி நீரை இங்கு கொண்டுவந்தது.

வாசல் நம்மிடம்

இம்மணல் அடுக்குகள் கடலை நோக்கிச் சரிந்துள்ளன. இங்கு மேலாக உள்ள அடுக்கு, பட்டுக்கோட்டை, மன்னார்குடிப் பக்கம் ஆழத்தில் இறங்கிவிடுகிறது. இங்கு பெய்யும் மழை மணலில் இறங்கி, களி அடுக்குகளுக்கு இடையே மிக மெதுவாகக் கடல் பக்கம் நகர்கிறது. ஆழ்குழாயில் இன்று வரும் நீர் பல தலைமுறைகளுக்கு முன் பெய்த மழையாகவும் இருக்கலாம்.

எனவே நம் பகுதி நிலத்தடி நீர் நுழையும் வாசல். இறங்குவதைவிட அதிகமாக இறைத்தால் நம் போர்களில் நீர்மட்டம் தாழும். கடலோரத்தில் நல்ல நீரின் அழுத்தம் குறைந்து உப்பு நீர் உள்ளே வரும். உப்பு ஏறிய மணல் அடுக்கு மீண்டும் நல்ல நீர் தர நெடுங்காலம் ஆகும்.

செய்ய வேண்டியவை

1. சரிவுக்குக் குறுக்கே கோடை உழவு செய்து, வரப்பை உயர்த்தி, மழை நீரை வயலிலேயே தேக்க வேண்டும்.

2. வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஏரி, குளம், வரத்து வாய்க்கால்களைத் தூர் வார வேண்டும். இயன்றவர்கள் பண்ணைக்குட்டை வெட்டலாம்.

3. பயனற்ற போரில் மழை நீரை இறக்குவதானால், கூழாங்கல்லும் மணலும் இட்ட வடிகட்டும் தொட்டி வழியாகவே இறக்க வேண்டும். உரம், மருந்து கலந்த நீரையும் தொழுவக் கழிவையும் ஒருபோதும் விடக்கூடாது.

4. நெல் வயலில் துளையிட்ட குழாயைப் பதித்து, நீர் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியபின் 5 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்சினால் போதும். பூக்கும் பருவத்தில் மட்டும் வயல் காயக்கூடாது.

5. கோடையில் போரை மட்டும் நம்பி நெல் நடுவதைத் தவிர்த்து உளுந்து, எள், நிலக்கடலை பயிரிடலாம். தென்னைக்குச் சொட்டுநீர் ஏற்றது.

6. மணற்பாங்கான செம்மண்ணில் தழைச்சத்து நீரோடு கீழே இறங்கிவிடும். அது பண நஷ்டம். நிலத்தடி நீருக்கும் கேடு. ஆகவே யூரியாவைப் பிரித்து இட வேண்டும். தொழு உரமும் பசுந்தாள் உரமும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். மண் பரிசோதனை செய்து உர அளவை முடிவு செய்வது நல்லது.

மணல் அடுக்குகள் உருவாகக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆயின. அவற்றில் நீரை நிரப்ப ஐப்பசி, கார்த்திகை மழை ஆண்டுதோறும் வருகிறது. இந்த ஆண்டு மழைக்குள் ஊருக்கு ஒரு குளத்தையாவது தூர் வாரி, வரத்து வாய்க்காலைத் திறந்து வைக்க வேண்டும்.