கழியோர நடை

நுழையும்முன்

சென்னையின் வரைபடத்தில் மயிலாப்பூருக்குத் தெற்கே நீலக்கீற்று ஒன்று வளைந்து கிடக்கும். அதுவே அடையாற்றுக் கழி. ஊர்தியில் செல்வோர் ஓரிரு நிமிடங்களில் கடந்துவிடும் இவ்விடம், நடந்து காண்போர்க்கு எவற்றையெல்லாம் காட்டுகிறது? அக்காட்சி நிலைத்திருக்க எது தேவை?

*

செம்பரம்பாக்கம் முதலான ஏரிகளின் உபரிநீரைப் பெற்று ஏறத்தாழ 42 கி.மீ. ஓடிவரும் அடையாறு, பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்திற்கும் ஊரூர் ஆல்காட் குப்பத்திற்கும் இடையே வங்கக் கடலில் கலக்கிறது. கலப்பதற்குச் சற்று முன்னர், வடகரையில் ஒரு நீர்க்கிளை பிரிந்து குவிபிள் தீவை வளைத்துக்கொண்டு ராஜா அண்ணாமலைபுரம்வரை உள்வாங்கி நிற்கிறது. இது கடல்நீர் ஏறி இறங்கும் கழி. நாள்தோறும் இருமுறை ஓதம் ஏறும், இருமுறை வடியும். சென்னைக் கடற்கரையில் ஓதத்தின் ஏற்றம் பெரிதன்று. மிகுந்த நாளிலும் ஒரு மீட்டர் அளவே இருக்கும். அந்தச் சிறு ஏற்றத்தை நம்பியே இக்கழியின் உயிர்கள் வாழ்கின்றன.

நகரம் வளர்ந்தபோது இவ்வுண்மை மறக்கப்பட்டது. இடிந்த கட்டடங்களின் கழிவும் குப்பையும் கழியில் கொட்டப்பட்டன. சாக்கடை நீர் கலந்தது. இதனை மீட்டெடுக்க 2006ஆம் ஆண்டு அடையாறு பூங்கா அறக்கட்டளையைத் தமிழ்நாடு அரசு நிறுவியது. அதுவே பின்னர்ச் சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை எனப் பெயர் மாறியது. குப்பை அகற்றப்பட்டது, நீர்வழிகள் தோண்டப்பட்டன, இம்மண்ணுக்குரிய மரங்கள் நடப்பட்டன. முதற்கட்டமாக 58 ஏக்கர் பரப்பில் அமைந்த தொல்காப்பியப் பூங்கா 2011 சனவரியில் திறக்கப்பட்டது.

பெயர் பொருத்தமானதே. நிலத்தை முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என வகுத்து, அந்தந்த நிலத்தின் மரமும் புள்ளும் விலங்கும் கருப்பொருள் எனச் சொன்ன நூல் தொல்காப்பியம். ஓரறிவு முதல் ஆறறிவுவரை உயிர்களை வரிசைப்படுத்தியதும் அந்நூலே. நெய்தல் திணையை ஏட்டில் மட்டும் படித்த மாணவர், கழியையும் கண்டலையும் தாழையையும் கண்ணாற் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை.

இங்குள்ள ஒற்றையடிப் பாதையில் விரைந்து நடப்பதால் பயனில்லை. நீர் வடிந்த சேற்றை நின்று நோக்குக. அதிலிருந்து ஆணிகள் போல மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருப்பவை வெண்கண்டல் மரத்தின் சுவாச வேர்கள். சேற்றில் உயிர்வளி இல்லாமையால் வேரே மேலெழுந்து காற்றை நாடுகிறது. அம்மரத்தின் இலையைத் தடவினால் உப்புத்துகள் விரலில் ஒட்டும். உறிஞ்சிய உப்பை அது இலைவழி வெளியேற்றிவிடுகிறது. கழிக்காட்டின் இன்னொரு மரமான தில்லையைத் தொடுதல் ஆகாது. அதன் பால் கண்ணில் பட்டால் பெருந்துன்பம் தரும். சிதம்பரத்தின் பழம்பெயரான தில்லை இம்மரத்தால் வந்ததே. ஒரு கொடுக்கு மட்டும் உடலளவு பருத்த சிறு நண்டுகள் வளைவாயிலில் நின்று அதனை அசைக்கும். காலடி அதிர்ந்ததும் மறையும். மடையானும் வக்காவும் மீன்கொத்தியும் காத்திருக்கும் பொறுமை நமக்கும் வேண்டும்.

அத்தகைய பொறுமைக்கு மயிலாப்பூரிலேயே சான்று உண்டு. இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996) அங்கு வாழ்ந்தவர். புதின ஆசிரியர் அ. மாதவையாவின் மகன். தொலைவிலுள்ள காடுகளுக்குப் பன்முறை சென்ற அவர், வீட்டுத் தோட்டத்துக் காகத்தையும் அணிலையும் பற்றி எழுதுவதைச் சிறுமையாகக் கருதவில்லை. 1950 முதல் மறையும்வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் அவருடைய பத்தி வெளிவந்தது.

நடைப்பாதையில் மிதிவண்டி செல்லலாகாதா என மாணவர் வினவக்கூடும். மலைமிதிவண்டி 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், டமல்பைஸ் மலைச்சரிவுகளில் உருப்பெற்றது. ஓட்டுவோரின் மகிழ்ச்சி உண்மையானது. எனினும் அங்கேயே நடப்போர்க்கும் ஓட்டுவோர்க்கும் பூசல் எழுந்தது. ஈரமண்ணில் சக்கரம் பதிக்கும் தடம் வாய்க்காலாகி, மழைநீர் அதன்வழி மண்ணை அரித்துச் செல்லும். பாறைச்சரிவு ஓரளவு தாங்கும். கழியோரக் களிமண் தாங்காது. நண்டு வளைகளும் தரைக்கூடுகளும் நிறைந்த இச்சிறு பரப்பில் கால்நடையே தகும் என்பது என் கருத்து. மிதிவண்டிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை இருக்கிறது.

பாதையைக் காப்பதினும் கடினமான பணி ஒன்று பூங்காவின் வேலிக்கு வெளியே உள்ளது. ஆண்டின் பெரும்பகுதியில் கடலோர நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகிறது. கோடையில் ஆற்றில் நீர்வரத்துக் குன்றும்போது, அம்மணல் முகத்துவாரத்தில் திட்டாகப் படிந்து வாயிலை அடைக்கும். வாயில் அடைபட்டால் ஓதம் உள்ளே வாராது. ஓதம் வாராவிடின் கழிநீர் தேங்கி, உயிர்வளி குறைந்து, மீன்கள் மடியும். எத்தனை மரம் நட்டாலும் இதற்கு ஈடாகாது. வடகிழக்குப் பருவமழை வெள்ளம் வந்து மணல்திட்டை உடைக்கும். இல்லையேல் இயந்திரங்கள் தோண்டவேண்டும். மணலை அகற்றிய சில மாதங்களில் அது மீண்டும் சேரும். ஆதலின் இது ஒருமுறை செய்து முடிக்கும் வேலையன்று.

ஆற்றின் மறுமுகத்தையும் இந்நகரம் அறியும். மீனவர் பயன்பாட்டிற்காக 1967இல் முகத்துவாரத்தருகே கட்டப்பட்ட பாலம் 1977இல் வெள்ளத்தால் உடைந்தது. எஞ்சிய பகுதி இன்றும் ‘உடைந்த பாலம்’ எனப்படுகிறது. 2015 திசம்பரில் அடையாறு கரைகடந்து கோட்டூர்புரம், சைதாப்பேட்டைப் பகுதிகளில் வீடுகளுக்குள் புகுந்தது. மழைநாளில் பரந்து நிற்கக் கழிக்கும் சதுப்புக்கும் விட்டுவைத்த இடமெல்லாம் வெள்ளத்திற்கு விட்ட இடமாகும்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊருக்கு அருகிலுள்ள கழி, ஏரி அல்லது ஓடைக்கரையில் ஒரு மணி நேரம் ஆசிரியருடன் மெல்ல நடந்து, கண்ட மரங்களையும் புட்களையும் அவ்வூரார் வழங்கும் பெயர்களாலேயே குறித்து வருக. அந்நீர் எங்கிருந்து வருகிறது, எவ்வழியே வெளியேறுகிறது என்பதை முதியோரிடம் கேட்டு, ஒரு வரைபடம் வரைக.