ரயில் எஞ்சின் சாலையில் வந்தால்...

வில்லியனூர் வழியாக 1879-ல் வந்த ரயில் பாதை மீட்டர்கேஜ். அகலம் 1,000 மில்லிமீட்டர். இன்றுள்ளது அகலப்பாதை, 1,676 மில்லிமீட்டர். அதனால் பழைய மீட்டர்கேஜ் நீராவி எஞ்சினை இதில் ஓட்ட முடியாது. இடம் மாற்றணும்னா டிரெய்லரில் சாலை வழிதான்.

எஞ்சினும் டிரெய்லரும் சேர்ந்தால் உயரம் 4 மீட்டரைத் தாண்டும். எனவே சிறப்பு அனுமதி கட்டாயம். மின்கம்பி, மரக்கிளை, வாய்க்கால் பாலம் எல்லாம் முன்கூட்டியே பார்க்கணும். பாகூர் பக்கத்துச் சிறு பாலங்களில் எடை ஒரே இடத்தில் இறங்கக்கூடாது. அதற்குத்தான் அத்தனை சக்கரங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது:

• வளைவில் முந்தாதீங்க. டிரெய்லரின் பின்பகுதி உள்பக்கமாக ஒதுங்கி வரும்.
• செல்ஃபிக்காக நெருங்காதீங்க.
• கம்பி அறுந்தால் தள்ளி நின்று 112-க்கு அழையுங்க.