பசுமைக் கட்டடத்தைச் சோதிக்க யாருக்குத் தகுதி?

சென்ற மாதம் ஒரு கட்டட ஒப்பந்தக்காரர் என் வீட்டுக்கு வந்தார். "சார், ரயில்வேயில் முப்பத்தைந்து வருஷம் சர்வீஸ் போட்டவர் நீங்கள். எங்கள் புது ஆபீஸ் கட்டடத்துக்குக் கமிஷனிங் ஏஜென்ட் என்று கையெழுத்துப் போட்டால் போதும். மற்றதை எங்கள் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்றார். காபி கொடுத்து அனுப்பினேன், கையெழுத்துப் போடவில்லை. கட்டடத் துறையில் இருக்கும் நம் சங்கத்துப் பிள்ளைகளுக்குப் பயன்படும் என்பதால் காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

கமிஷனிங் என்றால் என்ன?

ஏர்கண்டிஷனிங், விளக்குகள், வெந்நீர், இவற்றின் கட்டுப்பாட்டுக் கருவிகள் யாவும் உரிமையாளர் கேட்டபடி இயங்குகின்றனவா என்று சோதித்து எழுத்தில் தருவதே கமிஷனிங். இயந்திரம் ஓடினால் மட்டும் போதாது. வெப்பநிலை உணரியை வெயில் படும் ஜன்னலோரம் பொருத்திவிட்டால், அறை குளிர்ந்த பிறகும் ஏ.சி. ஓடிக்கொண்டே இருக்கும். மின்சார பில் ஏறும்; சுவரில் மட்டும் பசுமைச் சான்றிதழ் தொங்கும்.

யார் செய்யலாம்?

நம் நாட்டிலும் பல கட்டடங்கள் பெற்றுள்ள அமெரிக்க 'லீட்' சான்றிதழை எடுத்துக்கொள்வோம். ஹைதராபாத்தில் 2004-இல் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் திறந்துவைத்த சி.ஐ.ஐ. பசுமை வணிக மையம் லீட் பிளாட்டினம் பெற்றது. லீட் நான்காம் பதிப்பு (2013) அடிப்படைக் கமிஷனிங்குக்குச் சொல்வது இது:

1. இதேபோன்ற வேலை உள்ள குறைந்தது 2 கட்டடங்களில் கமிஷனிங் செய்த அனுபவம், ஆவணத்தோடு இருக்க வேண்டும். வடிவமைப்பின் தொடக்கத்திலிருந்து, குடிபுகுந்து 10 மாதம் வரையிலான அனுபவமாக அது இருக்க வேண்டும்.

2. உரிமையாளரிடம் வேலை பார்க்கும் தகுதியுள்ளவர், வெளி ஆலோசகர், அந்தக் கட்டடத்தில் வேறு ஆதாயம் இல்லாத துணை ஒப்பந்தக்காரர் ஆகியோர் செய்யலாம். வடிவமைப்பு அல்லது கட்டுமான நிறுவனத்தின் ஊழியரும் செய்யலாம். ஆனால் அவர் அந்தக் கட்டடத்தின் வேலைக் குழுவில் இருக்கக் கூடாது.

3. 20,000 சதுர அடிக்குக் குறைந்த கட்டடமானால், குழுவில் உள்ள தகுதியுள்ளவரே செய்யலாம். கூடுதல் புள்ளிகள் தரும் மேம்பட்ட கமிஷனிங்குக்கு இந்தச் சலுகை கிடையாது.

4. யாராயினும், கண்ட குறைகளை நேராக உரிமையாளரிடமே தெரிவிக்க வேண்டும்.

பதிப்புக்குப் பதிப்பு விதி மாறும். கட்டடம் எந்தப் பதிப்பில் பதிவாகியுள்ளதோ, அந்த விதியைப் படிக்க வேண்டும்.

ரயில்வே கற்றுத்தந்த பாடம்

இளம் வயதில் ஒரு ஸ்டேஷன் ரிலே அறையில் நானே ஒயர் இணைத்தேன், நானே சோதித்தேன், "சரி" என்று எழுதினேன். மறுநாள் வேறு பிரிவுப் பெரியவர் ஒருவர் வந்து, இரண்டு ஒயர்கள் இடம் மாறியிருப்பதைப் பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்தார். நான் பொய் எழுதவில்லை. இருக்க வேண்டியது இருப்பதாகவே என் கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான்.

இதனால்தான் புதிய பாதையில் பயணிகள் வண்டி ஓடுமுன் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் வந்து பார்வையிடுகிறார். அவர் ரயில்வே அமைச்சகத்தைச் சேர்ந்தவர் அல்லர். விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருப்பவர். 1941-லேயே இந்தச் சோதனைப் பிரிவை ரயில்வே வாரியத்திடமிருந்து பிரித்துவிட்டார்கள். போட்டவன் வேறு, பார்ப்பவன் வேறு என்பதே தத்துவம்.

ஏன் மறுத்தேன்?

ரயில்வேயில் எத்தனை வருஷம் இருந்தாலும், இரண்டு கட்டடங்களுக்குக் கமிஷனிங் செய்த ஆவணம் என்னிடம் இல்லை. வடிவமைப்பு விரிவாகி முடிவதற்குள் ஏஜென்ட்டை நியமித்திருக்க வேண்டும்; அங்கே பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, என் அறிக்கை உரிமையாளரிடம் போகாது, ஒப்பந்தக்காரரின் மேஜைக்கே போகும்.

நம் பிள்ளைகளுக்கும் இப்படி ஓர் அழைப்பு வரலாம். அப்போது மூன்று கேள்விகள் கேளுங்கள்: எனக்கு இதில் அனுபவம் உண்டா? நான் செய்த வேலையையே நான் சோதிக்கிறேனா? என் அறிக்கையை முதலில் படிப்பவர் யார்? மூன்றுக்கும் சரியான பதில் கிடைத்தால் பேனாவை எடுக்கலாம். இல்லாவிட்டால், காபியோடு நிறுத்திக்கொள்ளலாம்.