எம்.சி.பி. காப்பது எதை?

வீட்டின் மின்பெட்டியில் எம்.சி.பி.க்கள் வரிசையாகப் பொருத்தப்பட்டுவிட்டால் ஷாக் அடித்து உயிர் போகாது என்ற நம்பிக்கை படித்தவர்களிடமும் வேரூன்றியிருக்கிறது. உயிரைப் பலிகேட்கும் நம்பிக்கை இது. எம்.சி.பி. என்பது ஒரு சுற்றில் ஓடும் மின்னோட்டம் ஒயர் தாங்கும் அளவை மீறும்போது இணைப்பைத் துண்டிக்கும் கருவி என்பதால், அது காப்பது ஒயரையே தவிர மனிதரை அன்று. 230 வோல்ட் ஃபேஸைத் தொட்டபடி ஈரத்தரையில் நிற்பவரின் உடல் தடையை 1000 ஓம் எனக் கொண்டால், அவர் வழியே பாயும் மின்னோட்டம் 0.23 ஆம்பியர், இதயத் துடிப்பைக் குலைக்கப் போதுமான இந்த அளவு, 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு ஒரு குண்டு பல்பு எரிவதைப் போன்றதுதான்.

உப்பும் கரியும் இட்ட எர்த் குழி கசிவு முழுவதையும் விழுங்கிவிடும் என்பது இதைவிட நுட்பமான பிழை. உப்பும் கரியும் மண்ணின் ஈரத்தைக் காத்துத் தடையைக் குறைக்க மட்டுமே உதவுகின்றன. மின்சாரம் மண்ணில் மறைவதில்லை, மின்மாற்றியின் நியூட்ரலுக்கே திரும்புகிறது. வீட்டு எர்த்தின் தடை 10 ஓம் என்றால், வேறு தடையே இல்லையென்று வைத்துக்கொண்டாலும் 23 ஆம்பியருக்கு மேல் ஓடாது. வீடுகளில் பொதுவாகப் பயன்படும் சி வகை 16 ஆம்பியர் எம்.சி.பி. உடனடியாக விழ, குறைந்தது 80 ஆம்பியராவது வேண்டும். ஆகவே, நல்ல எர்த் இருந்தும் கசிவுள்ள கிரைண்டரின் உலோக உடலில் ஆபத்தான மின்னழுத்தம் பல நிமிடங்கள் நிற்கக்கூடும்.

இந்த இடைவெளியை நிரப்புவது ஆர்.சி.சி.பி.; ஃபேஸில் செல்வதும் நியூட்ரலில் திரும்புவதும் சமமா என்று இடைவிடாமல் ஒப்பிடும் இக்கருவி, வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டினால் 0.3 நொடிக்குள் துண்டித்துவிடும். எர்த் இணைப்பும் சரியாக இருந்தால், யாரும் தொடுவதற்கு முன்பே அது விழுந்துவிடும் என்பதால், இவ்விரண்டில் ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது. அதிகச் சுமையை அது உணராது என்பதால் எம்.சி.பி.யும் தேவை, ஃபேஸையும் நியூட்ரலையும் இரு கைகளால் ஒருசேரத் தொடுபவரை, கசிவு தரைக்குப் போகாதவரை, ஆர்.சி.சி.பி.யாலும் காக்க இயலாது.

மழைக்காலத்தில் அடிக்கடி டிரிப் ஆகிறதென்று இக்கருவியை விலக்கி நேரடி இணைப்புக் கொடுக்கும் வழக்கம் மிகவும் வருந்தத்தக்கது. ஈரச் சுவரிலோ பழைய மோட்டாரிலோ உண்மையான கசிவு இருக்கக்கூடும் என்பதைத்தான் அது அறிவித்துக்கொண்டிருக்கிறது. மாதந்தோறும் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்ப்பது அவசியம் என்றாலும், அது கருவியின் இயக்கத்தை மட்டுமே சோதிக்கும். எர்த்தின் தடையை அதற்குரிய கருவி கொண்டு தனியே அளக்க வேண்டும்.